நாள் தள்ளிப்போகும் முன்பே: ஆரம்ப சுகாதார நிலையத்திலிருந்து போன் வழிக் கருத்தரிப்பு ஆலோசனை

குழந்தையின் மூளையும் தண்டுவடமும் உருவாகும் நரம்புக் குழாய், கரு உண்டான 28ஆம் நாளுக்குள் மூடிவிடுகிறது. கடைசி மாதவிடாயிலிருந்து எண்ணினால் அது 6 வாரம். நாள் தள்ளிப்போனதே 4 வாரம் கடந்த பிறகுதான் தெரியும். "இன்னும் பத்து நாள் பார்ப்போம்" என்று காத்திருந்து, சிறுநீரைக் கார்டில் சோதித்து, கிராம சுகாதார செவிலியரிடம் சொல்லி, பிக்மி எண் (அரசின் கர்ப்பப் பதிவு எண்) வாங்கி, முதல் பரிசோதனைக்கு வந்து உட்காரும்போது 8 வாரமோ 10 வாரமோ ஆகியிருக்கும். அன்று போலிக் அமில மாத்திரையை எழுதிக் கொடுக்கிறோம். அந்த மாத்திரை காக்க வேண்டிய கட்டம் அதற்குள் முடிந்திருக்கும். குழந்தையின் இதயமும் கை கால்களும் பெரும்பாலும் உருவாகிவிட்டிருக்கும். வலிப்பு மாத்திரையோ பிரஷர் மாத்திரையோ மாற்ற வேண்டியிருந்தால் அதற்கும் தாமதம்தான்.

இதற்கு முன்னால் போய்ச் சேர வழி என்ன? நோய் எதுவும் இல்லாத ஒரு பெண், "குழந்தை பெற்றுக்கொள்ளப் போகிறேன், ஆலோசனை சொல்லுங்கள்" என்று புறநோயாளிகள் வரிசையில் வந்து நிற்பதில்லை. வந்தாலும் காலை 10 மணிக் கூட்டத்தில் கணவன் மனைவி விஷயம் பேச இடமில்லை. கூலி போகும். "கல்யாணமாகி மூணு மாசம்தானே ஆச்சு, அதுக்குள்ள எதுக்கு ஆஸ்பத்திரி?" என்று வீட்டில் கேட்பார்கள். போன் இந்த மூன்று தடைகளையும் தாண்டுகிறது. 2019 நவம்பரில் சுகாதார நல மையங்களுக்கும், 2020 ஏப்ரலில் நேரடியாகப் பொதுமக்களுக்கும் இ-சஞ்சீவனி என்ற அரசுத் தொலைமருத்துவச் சேவை வந்தபின், தொலைமருத்துவம் அரசு மருத்துவர்களுக்கும் செவிலியர்களுக்கும் பழகிய வேலையாகிவிட்டது. அதைக் காய்ச்சலுக்கும் தோல் அரிப்புக்கும் மட்டும் வைத்துக்கொள்வது வீண் என்பது எங்கள் கருத்து. இந்த வேலையில் கற்றுக்கொண்டவற்றை, இதைத் தொடங்க நினைக்கும் மருத்துவர்களுக்கும் செவிலியர்களுக்கும் எழுதுகிறோம்.

யாரை அழைப்பது

அவர்களாக அழைப்பார்கள் என்று காத்திருந்தால் யாரும் அழைக்க மாட்டார்கள். நாமேதான் கூப்பிட வேண்டும். அதற்கான பட்டியல் கையிலேயே இருக்கிறது. கிராம சுகாதார செவிலியரின் தகுதியான தம்பதியர் பதிவேடு முதலாவது. அதில் புதிதாகத் திருமணமானவர்களையும், கடைசிக் குழந்தைக்கு ஒன்றரை வயது தாண்டியவர்களையும் தனியே குறித்துக்கொள்ளுங்கள். அடுத்த கருவுக்கு முயல்வதற்கு முன், குழந்தை பிறந்தபின் குறைந்தது 24 மாத இடைவெளி வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. ஒன்றரை வயதில் பேசத் தொடங்கினால் ஆறு மாதம் அவகாசம் கிடைக்கும்.

இரண்டாவது பட்டியலைத்தான் பலரும் மறக்கிறார்கள்: மக்களைத் தேடி மருத்துவம். 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய இத்திட்டத்தில் ரத்த அழுத்தத்துக்கும் சர்க்கரைக்கும் மாத்திரை வீடு தேடிப் போகிறது. பட்டியலில் பெரும்பாலோர் வயதானவர்கள். 40 வயதுக்கு உட்பட்ட பெண்களை மட்டும் பிரித்தால் சின்னப் பட்டியல்தான் வரும். ஆனால் மிக அவசரமாகப் பேச வேண்டியவர்கள் அதில்தான் இருக்கிறார்கள். 32 வயதுப் பெண்ணுக்கு, கருவுக்கு ஆகாத எனலாப்ரில் என்ற பிரஷர் மாத்திரை மாதாமாதம் வீட்டுக்கே போகிறது. அவர் இன்னொரு குழந்தைக்கு முயல்கிறாரா என்று யாரும் கேட்பதில்லை. முந்தைய பிரசவத்தில் சர்க்கரையோ ரத்த அழுத்தமோ வந்தவர்கள், குறைப்பிரசவமோ குழந்தை இறப்போ நேர்ந்தவர்கள் ஆகியோரின் விவரம் பிக்மி பதிவுகளில் உண்டு. இது மூன்றாவது பட்டியல்.

அழைக்கும் காலத்தில் ஆடி மாதத்தைத் தவறவிடாதீர்கள். பல குடும்பங்களில் புதுப்பெண் ஆடியில் தாய்வீடு போய்விடுவாள். அந்த நான்கு வாரத்தில் கரு உண்டாகும் வாய்ப்பு குறைவு, அம்மா பக்கத்தில் இருப்பார், மனம்விட்டுப் பேசுவாள். ரத்தப் பரிசோதனைக்கும் தடுப்பூசிக்கும் இதைவிட நல்ல நேரம் அமையாது. ஒரு சிக்கல் உண்டு: அவள் பெயர் கணவர் ஊர்ப் பதிவேட்டில் இருக்கும், ஆள் தாய்வீட்டில் இருப்பாள். ஆடி பிறப்பதற்கு முந்தைய வாரமே தாய்வீட்டு ஊர் செவிலியரிடம் தகவல் சொல்லிவைக்க வேண்டும்.

சட்டம் சொல்வது

2020 மார்ச் 25 அன்று வெளியான தொலைமருத்துவ நடைமுறை வழிகாட்டுதல் மூன்று இடங்களில் இந்த வேலையைத் தொடுகிறது. நோயாளி தானே அழைத்தால் சம்மதம் இருப்பதாகக் கொள்ளலாம். நாமோ சுகாதாரப் பணியாளரோ அழைத்தால் வெளிப்படையாகக் கேட்டுப் பதிவு செய்ய வேண்டும். நம் அழைப்புகள் எல்லாமே இரண்டாம் வகை. "போனில் ஆலோசனை பெறச் சம்மதம்" என்று அவரே குறுஞ்செய்தியோ குரல் பதிவோ அனுப்பினால் போதும். அடுத்து, மருந்துப் பட்டியல். இரும்பு, போலிக் அமிலம், கால்சியம் போன்றவற்றை எந்த வகை அழைப்பிலும் எழுதலாம். முதல் ஆலோசனையிலேயே வேறு மருந்து எழுத வேண்டுமானால் பெரும்பாலும் வீடியோ வேண்டும். சிலவற்றைத் தொடர் ஆலோசனையில்தான் எழுத முடியும். கடைசிப் பேச்சுக்குப் பிறகு 6 மாதம் கடந்துவிட்டால் அது மீண்டும் முதல் ஆலோசனைதான்.

ஒன்றைத் தனியாகச் சொல்ல வேண்டும். "பையன் பிறக்க மருந்து இருக்கா சார்?" என்ற கேள்வி வரும். கரு உண்டாகும் முன்பே பாலினத்தைத் தேர்ந்தெடுக்க ஆலோசனை சொல்வதும் 1994ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி குற்றம். "அப்படி ஒரு மருந்தும் கிடையாது, கேட்பதும் சொல்வதும் தப்பு" என்று சுருக்கமாகச் சொல்லிவிட்டு அடுத்த விஷயத்துக்குப் போங்கள். ஆனால் அந்தக் கேள்வியைக் குறித்துவைத்துக்கொள்ளுங்கள். அந்த வீட்டில் அவள் மேல் என்ன அழுத்தம் இருக்கிறது என்பதை அது காட்டிவிடுகிறது.

முதல் அழைப்பு

பதிவேட்டில் இருக்கும் எண் பாதி நேரம் கணவருடையதாக, மாமனாருடையதாக, பிறந்தவீட்டு அண்ணனுடையதாக இருக்கும். எடுத்தவரிடம் விஷயத்தைச் சொல்லக் கூடாது. "ஹெல்த் சென்டர்ல இருந்து பேசறோம், சத்து மாத்திரை விஷயமா அவங்ககிட்ட பேசணும், எப்ப கூப்பிட்டா இருப்பாங்க?" என்று கேட்டால் போதும். மதியம் 2 முதல் 4 மணி வரை வீட்டில் இருப்பவர்களுக்குத் தோதான நேரம். மில்லுக்கும் பனியன் கம்பெனிக்கும் போகிறவர்களுக்கு ஞாயிறு காலை.

அவர் வந்தவுடன் முதல் கேள்வி: "ஸ்பீக்கர்ல போட்டிருக்கீங்களாம்மா? பக்கத்துல யாராவது இருக்காங்களா?" இருக்கிறார்கள் என்றால், ஆம் இல்லை என்று மட்டும் பதில் சொல்லக்கூடிய கேள்விகளாகக் கேளுங்கள். "உங்களுக்கு வலிப்பு வந்திருக்கா?" என்பதற்கு "இல்லீங்க" என்றால் அருகில் இருப்பவருக்கு எதுவும் புரியாது. முந்தைய கருக்கலைப்பு, வீட்டில் அடிதடி, கணவரின் குடி ஆகியவற்றை அவர் தனியே இருப்பது உறுதியான பிறகுதான் தொட வேண்டும். நடுவில் யாராவது வந்துவிட்டால் சொல்ல ஒரு சொல்லை முன்கூட்டியே பேசிக்கொள்ளுங்கள். "சத்துமாவு எப்ப கிடைக்கும்?" என்று அவர் கேட்டால் நாம் உடனே பேச்சை அங்கே திருப்பிவிடுவோம். வன்முறை நடப்பது தெரிந்தால் 181 என்ற பெண்கள் உதவி எண்ணை வாய்மொழியாகச் சொல்லுங்கள், குறுஞ்செய்தியாக அனுப்பாதீர்கள். அந்தப் போனை வேறு யாரும் பார்க்கலாம்.

முக்கியமான கேள்வியைச் சுற்றி வளைக்காமல் கேட்க வேண்டும். "விசேஷம் ஏதாவது உண்டா?" என்று ஊரே கேட்டு அவரைக் களைக்க வைத்திருக்கிறது, நாமும் அதையே கேட்டால் பேச்சு அங்கேயே முடிந்துவிடும். நாங்கள் கேட்பது இப்படி: "இந்த ஒரு வருஷத்துக்குள்ள குழந்தை வேணும்னு இருக்கீங்களா, தள்ளிப்போடலாம்னு இருக்கீங்களா, இல்ல வந்தா வரட்டும்னு இருக்கீங்களா?" மூன்றாவது வழியையும் நாமே சொல்லிக் கொடுப்பது அவசியம். நாங்கள் கேட்டவரையில் பலருடைய உண்மையான பதில் அதுதான். "வந்தா வரட்டும்" என்பவருக்கு, "வேணும்" என்பவருக்குச் செய்யும் அத்தனையும் செய்ய வேண்டும். தள்ளிப்போட நினைப்பவருக்கு நல்ல கருத்தடை முறையை ஏற்பாடு செய்வதே அன்றைய ஆலோசனை.

அடுத்தது "கடைசியா எப்ப தலைக்குக் குளிச்சீங்க?" ஏற்கனவே நாள் தள்ளிப்போயிருந்தால் மற்றதெல்லாம் பிறகு. முதலில் சிறுநீர்ப் பரிசோதனை.

மாத்திரை அட்டைகள்

முதல் அழைப்பில் பாதி நேரத்தை இதற்கே ஒதுக்குங்கள். "என்ன மாத்திரை சாப்பிடறீங்க?" என்று கேட்டால் "ஒண்ணும் இல்ல" என்றுதான் வரும். தினமும் போடும் தைராய்டு மாத்திரையைக்கூடப் பலர் மருந்துக் கணக்கில் சேர்ப்பதில்லை. முகப்பருவுக்கு விழுங்கும் கேப்ஸ்யூல் அவர்களுக்கு அழகு சம்பந்தப்பட்டது, மூட்டுவலிக்கு வாரம் ஒருநாள் மட்டும் போடும் மாத்திரை நினைவுக்கே வராது. ஆகவே வீட்டில் இருக்கும் எல்லா அட்டை, டப்பா, லேகியம், முகத்துக்குப் பூசும் கிரீம் எல்லாவற்றையும் தரையில் பரப்பி, அட்டையின் பின்பக்கம் தெரியும்படி போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். வீடியோவில் காட்டினால் எழுத்து மங்கும், வெள்ளி அட்டையில் வெளிச்சம் பட்டு ஒன்றும் தெரியாது. கத்தரித்த அட்டையில் பெயர் போயிருந்தால், பேர் எழுதாத கவரில் இருந்தால், ஊகிக்காதீர்கள். செவிலியர் வீட்டுக்குப் போகும்போது பார்த்துவரட்டும்.

கருவுக்கு ஆகாதவை என்று தேட வேண்டியவை இவை. சோடியம் வால்ப்ரோயேட்: கருவில் இதற்கு ஆட்பட்ட குழந்தைகளில் சுமார் 100க்கு 10 பேருக்குப் பெரிய பிறவிக் குறைபாடும், 30 முதல் 40 பேருக்கு வளர்ச்சி, கற்றல் பிரச்சினைகளும் வரலாம். பிரஷருக்கான எனலாப்ரில், டெல்மிசார்டன், லோசார்டன். கொழுப்புக்கான அடோர்வாஸ்டாடின். ரத்தம் உறையாமல் இருக்கத் தரும் வார்ஃபரின் அல்லது அசிட்ரோம். மெதோட்ரெக்ஸேட்: நிறுத்திய பின் 1 முதல் 3 மாதம் காத்திருக்க வேண்டும். முகப்பருவுக்கான ஐசோட்ரெடினாயின்: நிறுத்தி 1 மாதமாவது ஆக வேண்டும்.

இங்கேதான் போன் ஆலோசனை ஆபத்தாக மாறும். "இந்த மாத்திரை குழந்தைக்கு ஆகாது" என்று சொன்ன மறுநாளே அவர் அதை நிறுத்திவிடுவார். வால்ப்ரோயேட்டைத் திடீரென நிறுத்தினால் தொடர்வலிப்பு வந்து உயிருக்கே ஆபத்தாகலாம். செயற்கை இதய வால்வு வைத்தவர் வார்ஃபரினை நிறுத்தினால் வால்வில் ரத்தம் உறையும். அதனால் வாக்கியத்தின் வரிசையை மாற்றுங்கள். முதலில் "எந்த மாத்திரையும் நீங்களா நிறுத்தக் கூடாது", அடுத்து "இதுல ஒண்ண மட்டும் பெரிய டாக்டர் மாத்தித் தருவார்", கடைசியாக "மாத்தி முடியற வரைக்கும் குழந்தையைத் தள்ளிப்போடணும்". மூன்றையும் அவர் வாயால் திருப்பிச் சொல்லச் சொல்லிக் கேட்ட பிறகுதான் போனை வைக்க வேண்டும்.

தள்ளிப்போடச் சொன்னால் போதாது, எதைக் கொண்டு என்றும் சொல்ல வேண்டும். ரத்த அழுத்தம் உள்ளவருக்கு மாலா-என் போன்ற கூட்டு ஹார்மோன் கருத்தடை மாத்திரை ஆகாது. பெனிட்டாயின், கார்பமசெபின், பீனோபார்பிட்டோன், காசநோய்க்கான ரிஃபாம்பிசின் சாப்பிடுபவர்களுக்கு அந்த மாத்திரையின் பலன் குறைந்துவிடும். அந்தரா கருத்தடை ஊசிக்கு அந்தப் பிரச்சினை இல்லை. ஆனால் கடைசி ஊசிக்குப் பின் கரு உண்டாக 7 முதல் 10 மாதம் ஆகலாம் என்பதால், ஆறு மாதத்தில் குழந்தை வேண்டும் என்பவருக்குப் பொருந்தாது. குறுகிய இடைவெளிக்கு ஆணுறை. ஓராண்டுக்கு மேல் என்றால் காப்பர்-டி. அதை எடுத்தவுடன் கருத்தரிக்கும் திறன் திரும்பிவிடும்.

எனலாப்ரிலுக்குப் பதில் லேபடலாலோ நிஃபெடிபினோ எழுதுவதற்கு முன், சுகாதார நல மையத்தில் மேற்கையில் கட்டும் கருவியில் எடுத்த அளவு குறைந்தது இரண்டு வேறு நாட்களுடையது வேண்டும். வீட்டில் மணிக்கட்டில் கட்டும் கருவியின் எண்ணை நம்பி மருந்து மாற்றாதீர்கள்.

போலிக் அமிலம்: மூன்று மாத்திரைக் குழப்பம்

தேவை எளிது. கருத்தரிக்க முயல்வதற்குக் குறைந்தது ஒரு மாதம் முன்பிருந்து, கரு உண்டாகி 12 வாரம் வரை, தினமும் 400 மைக்ரோகிராம். முன்பு நரம்புக் குழாய்க் குறைபாட்டுடன் குழந்தை பிறந்தவர், சர்க்கரை நோய் உள்ளவர், வலிப்பு மாத்திரை சாப்பிடுபவர் ஆகியோருக்கு 5 மி.கி.

நடப்பது வேறு. கையில் மூன்று விதமான மாத்திரை வந்து சேரும். வாரம் ஒன்று போடும் சிவப்பு இரும்புச் சத்து மாத்திரையில் 500 மைக்ரோகிராம் போலிக் அமிலம் இருக்கிறது. வாரம் ஒருமுறை 500 என்பது தினமும் 400க்கு ஈடாகாது. "நான்தான் சத்து மாத்திரை போடறேனே" என்று சொல்பவர் பெரும்பாலும் இதைத்தான் சொல்கிறார். மருந்துக்கடையில் "போலிக்" என்று கேட்டால் பெரும்பாலும் 5 மி.கி. மாத்திரைதான் எடுத்துத் தருவார்கள். அது 400 மைக்ரோகிராமைப்போல் 12 மடங்குக்கும் மேல். எல்லோருக்கும் அது தேவையில்லை. முட்டை, மீன், பால் எதுவும் சேர்க்காதவர்களிடம் பி12 குறைபாட்டை அது மறைத்துவிடவும் கூடும். ஆனாலும் 400 கிடைக்கவில்லை என்று வெறுங்கையோடு அனுப்புவதைவிட 5 மி.கி. கொடுப்பதே மேல் என்போம். மூன்றாவது, ரத்தசோகைச் சிகிச்சையில் இருப்பவர். ஹீமோகுளோபின் 8 முதல் 11.9 வரை உள்ள, கர்ப்பமில்லாத பெண்ணுக்கு ரத்தசோகையற்ற பாரதம் திட்டப்படி தினமும் இரண்டு இரும்பு மாத்திரை, மூன்று மாதம். இரண்டிலும் சேர்த்து 1,000 மைக்ரோகிராம் போலிக் அமிலம் கிடைத்துவிடுகிறது. தனியாக 400 வேண்டாம். சிகிச்சை முடிந்து வாரம் ஒன்றுக்குத் திரும்பும் நாளில்தான் தினசரி 400ஐத் தொடங்க வேண்டும். அந்த நாளைக் காலண்டரில் குறித்து அன்றே அழைக்காவிட்டால் இடைவெளி விழுந்துவிடும்.

கணவர் வெளியூரில் வேலை செய்யும் குடும்பங்களில் இந்தக் கணக்கு இன்னும் முக்கியம். துபாயிலிருந்தோ சிங்கப்பூரிலிருந்தோ ஒருவர் 45 நாள் விடுமுறையில் வருகிறார்; கரு உண்டாவது அந்த 45 நாளில்தான். "அவரு இங்க இல்லயே, இப்ப எதுக்கு மாத்திரை?" என்று கேட்கும் பெண்ணிடம், டிக்கெட் எந்தத் தேதிக்கு என்று கேளுங்கள். அந்தத் தேதிக்கு இரண்டு மாதம் முன்பு போலிக் அமிலம் தொடங்க வேண்டும், மூன்று மாதம் முன்பு ரத்தப் பரிசோதனை. விந்தணு உருவாகி வெளிவர இரண்டரை முதல் மூன்று மாதம் பிடிப்பதால், கணவர் சிகரெட், ஹான்ஸ், குடி ஆகியவற்றை விட வேண்டியதும் அப்போதே. உடற்பயிற்சிக் கூடத்தில் ஊசி போட்டுக்கொள்கிறாரா என்றும் கேளுங்கள். டெஸ்டோஸ்டிரோன், ஸ்டிராய்டு ஊசிகள் விந்தணு உற்பத்தியையே நிறுத்திவிடும். திரும்பப் பல மாதம் ஆகலாம். அமீரகத்தில் வாட்ஸ்அப் அழைப்பு பெரும்பாலும் எடுக்காது, குரல் பதிவு போய்ச்சேரும். இரண்டு நிமிடக் குரல் பதிவாக அவருக்கானதை மட்டும் பேசி, மனைவியின் சம்மதத்தோடு அனுப்புவது கூட்டு அழைப்பைவிட நன்றாக வேலை செய்கிறது. மனைவியின் பரிசோதனை முடிவுகள் அதில் வரக் கூடாது.

இரண்டாம் அழைப்பு: முடிவுகளோடு

முதல் அழைப்புக்கும் இரண்டாவதற்கும் நடுவில் அவர் ஒரே ஒருநாள் நேரில் வர வேண்டும். எடை, உயரம், ரத்த அழுத்தம், முழு ரத்த எண்ணிக்கை, ரத்த வகை, சர்க்கரை, சிறுநீர், எச்.ஐ.வி., சிபிலிஸ், மஞ்சள் காமாலை பி. தைராய்டுக்கான டி.எஸ்.எச். எங்கே எடுக்கிறார்கள், என்று எடுக்கிறார்கள் என்ற ஒருபக்கத் தாளை முன்பே தயார் செய்யுங்கள். இல்லையென்றால் அலைந்துவிட்டு மறுபடி வரமாட்டார். எச்.ஐ.வி. முடிவு எதுவானாலும் போனில் சொல்லக் கூடாது. முடிவை வாங்க எல்லோரையுமே நம்பிக்கை மையத்துக்கு (எச்.ஐ.வி. ஆலோசனை, பரிசோதனை மையம்) வரச் சொல்லிவிட்டால், கூப்பிட்டாலே கெட்ட செய்தி என்ற பயம் எழாது.

ஹீமோகுளோபின் 12க்குக் கீழே இருந்தால் இரும்புச் சத்தை எழுதுவதோடு நிறுத்தாமல் எம்.சி.வி.யையும் (சிவப்பணுவின் சராசரி அளவு) பாருங்கள். அது 80க்குக் கீழே இருந்து, ஒரு மாதம் ஒழுங்காகச் சாப்பிட்டும் 1 கிராம் ஏறவில்லை என்றால் தலசீமியா (பரம்பரை ரத்தக் கோளாறு) கூறு இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். மனைவிக்கு இருப்பது தெரிந்தால் கணவருக்கும் பரிசோதனை. இருவருக்கும் இருந்தால் ஒவ்வொரு கருவிலும் குழந்தைக்கு முழு நோய் வர நான்கில் ஒரு வாய்ப்பு. நீலகிரி, தருமபுரி மலைப்பகுதிகளில் அரிவாள் செல் நோயையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

சர்க்கரை உள்ளவருக்கு எச்.பி.ஏ.1.சி. (மூன்று மாதச் சர்க்கரைச் சராசரி) 6.5க்குக் கீழே வரும்வரை காத்திருப்பது நல்லது. 10க்கு மேல் இருந்தால் இப்போது வேண்டாம் என்று உறுதியாகச் சொல்ல வேண்டும். ஆனால் இரும்புச் சத்துக் குறைவு இந்த எண்ணை உண்மையைவிடக் கூட்டிக் காட்டும். ஹீமோகுளோபின் 8, 9 உள்ளவரிடம் குளுக்கோமீட்டர் அளவுகளையும் சேர்த்துப் பாருங்கள். விழித்திரைப் பரிசோதனையைத் தவிர்க்க முடியாது. முந்தைய கர்ப்பத்தில் சர்க்கரை வந்து போனவருக்கு, 75 கிராம் குளுக்கோஸ் கொடுத்துப் பார்க்காமல் "சரியாயிடுச்சு" என்ற அவர் வார்த்தையை ஏற்காதீர்கள்.

தைராய்டு மாத்திரை சாப்பிடுபவருக்கு டி.எஸ்.எச். 2.5க்குக் கீழே இருக்கட்டும். மாத்திரை சாப்பிட்டும் குறையவில்லை என்றால், அளவைக் கூட்டும் முன் எப்படிச் சாப்பிடுகிறார் என்று கேளுங்கள். காலையில் தைராய்டு மாத்திரையோடு இரும்பு, கால்சியம் மாத்திரைகளையும் ஒரே வாயில் போட்டுக்கொள்பவர்கள் உண்டு. 4 மணி நேர இடைவெளி வேண்டும்.

ருபெல்லா தடுப்பூசி: 2017 பிப்ரவரியில் தமிழ்நாட்டில் நடந்த தட்டம்மை-ருபெல்லா முகாமில் 9 மாதம் முதல் 15 வயது வரை உள்ளவர்களுக்குப் போடப்பட்டது. அப்போது அந்த வயதைத் தாண்டியிருந்தவர்கள் போட்டிருக்கிறார்களா என்று கேட்க வேண்டும். இது உயிருள்ள தடுப்பூசி. கர்ப்பமில்லை என்று உறுதி செய்து போட்டபின் 4 வாரம் கரு உண்டாகக் கூடாது. ஆடி முதல் வாரத்தில் போட்டால் ஆவணிக்குள் அந்தக் கெடு முடிந்துவிடும்.

சொந்தத்தில் மணம்

"நீங்க ரெண்டு பேரும் சொந்தமா, என்ன முறை?" என்று சாதாரணமாகக் கேட்டால் தயங்காமல் சொல்வார்கள். அத்தை மகன், மாமன் மகன், தாய்மாமன் என்று குறித்துக்கொள்ளுங்கள். தாய்மாமன் மணத்தில் மரபணு நெருக்கம் அத்தை மகன் மணத்தைவிட இரு மடங்கு. பொதுவாக 100 குழந்தைகளில் 2, 3 பேருக்குப் பிறவிக் குறைபாடு இருக்குமென்றால், அத்தை மாமன் பிள்ளைகள் மணத்தில் அது சுமார் இரட்டிப்பாகும். இதை "நூத்துல தொண்ணூத்தி நாலு குழந்தை நல்லாத்தான் பிறக்கும்" என்று சொல்லித் தொடங்குங்கள். திருமணம் முடிந்துவிட்டது, குற்ற உணர்வை ஏற்றி அனுப்பினால் அடுத்த அழைப்பை எடுக்க மாட்டார்கள். உண்மையில் கேட்க வேண்டியது இரு குடும்பத்திலும் காது கேளாத, வளர்ச்சி குன்றிய, அடிக்கடி ரத்தம் ஏற்றும் பிள்ளை உண்டா, காரணம் தெரியாமல் பச்சைக் குழந்தைகள் இறந்தனவா என்பதே. உண்டு என்றால் அந்தப் பாதிக்கப்பட்ட குழந்தைக்கு முதலில் நோயைக் கண்டறிய வேண்டும். அது தெரியாமல் தம்பதிக்கு எதைச் சோதிப்பது என்றே தெரியாது. பணமும் மாதங்களும் வீணாவது இந்த வரிசை தவறும்போதுதான்.

போனில் முடிவெடுக்கக் கூடாதவை

இதயத்தில் வாதக்காய்ச்சல் பாதிப்பு உள்ளவர், மூன்று வாரத்துக்கொருமுறை பென்சிலின் ஊசி போடுபவர், சிறுவயதில் இதய அறுவை செய்தவர் ஆகியோருக்கு எக்கோ பார்த்த இதய மருத்துவர் சொல்லாமல் "முயற்சி பண்ணலாம்" என்று போனில் சொல்லிவிடக் கூடாது. மைட்ரல் வால்வு மிகவும் சுருங்கியிருந்தால் கர்ப்பமே உயிராபத்து. மனநல மாத்திரை சாப்பிடுபவரை மனநல மருத்துவரிடம் இணைத்துவிடுங்கள். இரவில் மனம் உடைந்து அழைப்பவருக்கு அரசின் மனநல உதவி எண் டெலி-மானஸ் 14416 இருக்கிறது.

முயன்றும் கரு தங்கவில்லை என்ற கவலை எப்போதும் வரும். இரண்டு மூன்று நாளுக்கொருமுறை சேர்ந்திருந்தால் போதும், நாள் பார்த்துத் தவிக்க வேண்டாம் என்று சொல்லுங்கள். 35 வயதுக்குக் கீழே ஓராண்டு, 35க்கு மேல் ஆறு மாதம் பார்த்துவிட்டுப் பரிசோதனைக்கு அனுப்பலாம். முதல் பரிசோதனைகளிலேயே கணவரின் விந்துப் பரிசோதனையும் இருக்க வேண்டும். செலவு குறைவு, வலி இல்லை, ஒரே நாளில் தெரிந்துவிடும். அப்படியிருந்தும் மனைவியை மூன்று ஸ்கேன் எடுக்கவைத்த பிறகுதான் பல வீடுகளில் அவரைக் கேட்கிறார்கள். இதை மாற்றும் பொறுப்பு, அனுப்பும் சீட்டை எழுதும் நம் கையில் இருக்கிறது.

கடைசி அழைப்பில், நாள் தள்ளிப்போனால் என்ன செய்வது என்பதை இப்போதே சொல்லி எழுதிக்கொள்ளச் சொல்லுங்கள். குறித்த நாள் தாண்டி ஒரு வாரத்துக்குள் கார்டில் சோதனை. இரண்டு கோடு வந்தால் அன்றே நமக்கு அழைப்பு, செவிலியரிடம் பதிவு. போலிக் அமிலம் தொடரட்டும். தைராய்டு மாத்திரை சாப்பிடுபவர் அன்றே வாரத்துக்கு இரண்டு மாத்திரை கூடுதலாக, அதாவது ஏழுக்குப் பதில் ஒன்பது; டி.எஸ்.எச். மறுபடி பார்க்க வேண்டும். முன்பு கர்ப்பகால ரத்த அழுத்தம் முற்றியவருக்கு 12ஆம் வாரத்தில் ஆஸ்பிரின் தொடங்க வேண்டும் என்பதைப் பதிவிலேயே குறியுங்கள். அடிவயிற்றில் ஒருபக்கமாக வலி, மயக்கம், ரத்தப்போக்கு இருந்தால் நமக்கு அழைக்க வேண்டாம், 108.